ரங்கம்மாவைக் கேட்கவில்லை

போன மாதம் இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சு வராதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையாம். நல்ல பிள்ளைகள்தான். இனிமேல் டாக்டர், நர்ஸ், பேச்சுப் பயிற்சிக்காரர், வாத்தியார் எல்லாரும் கூடிப் பேசித்தான் ஒரு நோயாளிக்கு வேலை பார்க்கப் போகிறார்களாம். அதற்கு ஒரு தொடக்க விழா. அதில் நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

"நீங்க அந்தக் காலத்துலயே அருப்புக்கோட்டையில எழுத்துப் பலகை வச்சு ஒரு அம்மாவப் பேச வச்சீங்களாமே" என்றாள் ஒருத்தி.

எனக்குச் சுருக்கென்றது. பேச வைத்தோம், வாஸ்தவம். பேச வைத்து என்னத்தைக் கிழித்தீர்கள் என்று கேட்டிருந்தால் மரியாதையாகப் பதில் சொல்லியிருப்பேன். மாலை போட்டுக்கொண்டு மேடையில் சொல்கிற விஷயம் இல்லை அது. எழுதித் தருகிறேன், வேண்டுமானால் படியுங்கள், வேண்டாமென்றால் அடுப்பில் போடுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு. படிப்பு என்று பேர். கழுவினோம், துடைத்தோம், திட்டு வாங்கினோம். படித்து முடித்ததும் அருப்புக்கோட்டையில் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இப்போது அந்த ஆஸ்பத்திரி கிடையாது. அந்த இடத்தில் பஞ்சுக் கிட்டங்கி நிற்கிறது. ரெண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். மருந்துக்குப் பஞ்சம், துணிக்குப் பஞ்சம், தண்ணீருக்கு எப்போதும்போலப் பஞ்சம். தெருவெல்லாம் தறிச் சத்தம் கேட்கிற ஊரில், நூலுக்கு அரசாங்கக் கண்ட்ரோல் வந்து பாதித் தறி ஓய்ந்து கிடந்தது.

எங்கள் டாக்டர் சபாபதி கெட்டிக்காரர். அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நாடியைப் பிடித்துக்கொண்டு நோயாளியின் காலைப் பார்ப்பார். எதற்குக் காலைப் பார்க்கிறார் என்று நாம் யோசிக்கும்போது வியாதியைச் சொல்லிவிடுவார். ஆனால் கட்டிலின் கால்மாட்டைத் தாண்டி அதிக நேரம் நிற்க மாட்டார். தலைமாட்டுப் பக்கம் வந்தால் தொட்டுப் பார்ப்பார், கை கழுவுவார், மறுபடி கால்மாடு. அங்கே நின்றுதான் கேள்வி கேட்பார். கேள்வி நோயாளிக்கு இல்லை, கூட வந்தவர்களுக்கு.

பக்கவாதம் வந்து வாய் கோணிப்போன மளிகைக்கடைக்காரர் ஒருவர் படுத்திருந்தார். "வலி இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "வலியெல்லாம் ஒண்ணுமில்ல சாமி, நல்லாத் தூங்குறாக" என்று மகன் சொன்னான். படுத்திருந்த மனிதர் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். "நர்ஸ், அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாக்கணும்" என்றார் டாக்டர். அது அவருடைய வேத வாக்கு. கம்பவுண்டர் மருந்து கலக்கணும், நர்ஸ் படுக்கை பாக்கணும், டாக்டர் வைத்தியம் பாக்கணும். ஒருத்தர் எல்லையில் இன்னொருத்தர் கால் வைத்தால் அவருக்குப் பொறுக்காது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ரங்கம்மா வந்தாள். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அதில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். இருபது வயசு இருக்கும். புருஷன் அவள் கர்ப்பமாக இருக்கும்போதே காலராவில் போய்விட்டான். ஆண் குழந்தை பிறந்தது. தீட்டுக் கழியும் முன்னே ஒரு காலையில் பிள்ளையை எடுக்கப் போனவள் சரிந்து விழுந்திருக்கிறாள். கை கால் வரவில்லை, நாக்கு வரவில்லை, கழுத்தைக்கூடத் திருப்ப முடியவில்லை. கண் மட்டும் அசைந்தது.

டாக்டர் மூன்று நாள் பார்த்தார். பிறகு சொன்னார்: "பிரசவத்துக்கு அப்புறம் மூளையில ரத்தம் கட்டிருக்கு. நாக்கும் தொண்டையும் விழுந்துபோச்சு. புத்தி விழல. நாம பேசறது எல்லாம் அவளுக்குப் புரியும்." அந்தக் காலத்தில், அந்த ஊரில், அப்படிச் சொல்ல வேறு எவருக்கும் தெரியாது. பேய் என்றிருப்பார்கள், பைத்தியம் என்றிருப்பார்கள்.

அவளுக்குச் சோறூட்டுவது ஒரு தனி வித்தை. தண்ணியாகக் கொடுத்தால் புரையேறிப் போய்ச் சேர்ந்துவிடுவாள். கம்பங்கூழைக் குழைவாகக் காய்ச்சி, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற சங்கில் எடுத்து, அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடது கன்னத்துக்குள் கொஞ்சமாக விட வேண்டும். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டும். இறங்கினால்தான் அடுத்த வாய். ஒரு கிண்ணம் கூழுக்கு ஒரு பொழுது போய்விடும். புரட்டிப் போட்டு, முதுகில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, மறுபடி புரட்டுவேன். முதுகில் ஒரு புண் வர விடவில்லை.

புத்தி இருக்கிறது, வாய் இல்லை என்றால் என்ன செய்வது? டாக்டர்தான் கமலாவதி டீச்சருக்கு ஆள் அனுப்பினார். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதற்கு முன்னே காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகியவர். வாட்டசாட்டமான அம்மாள், குரல் மட்டும் குழந்தைக் குரல். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வருவார். முதல் நாள் ரங்கம்மாவிடம், "தாயி, ஆமான்னா கண்ண மேல தூக்கு, கூரையப் பாரு. இல்லேன்னா இறுக்க மூடு. அவ்வளவுதான்" என்றார். ரங்கம்மா கூரையைப் பார்த்தாள்.

அவள் ரெண்டாம் வகுப்பு வரை படித்திருந்தாள். டீச்சர் ஒரு பெரிய கற்பலகையில் மூன்று வரி எழுதினார். வல்லினம் ஒரு வரி, மெல்லினம் ஒரு வரி, இடையினம் ஒரு வரி. கால், கொம்பு, புள்ளி ஒன்றும் கிடையாது. அதெல்லாம் நாமே போட்டுக்கொள்ள வேண்டியது. முதலில் வரியின் மேல் விரல் வைப்பார். ரங்கம்மா கண்ணைத் தூக்கினால் அந்த வரிதான். பிறகு ஒவ்வொரு எழுத்தாக விரல் நகரும். மறுபடி கண் தூக்கினால் அந்த எழுத்து.

முதல் வார்த்தை 'ப' என்றும் 'ல' என்றும் வந்தது. பால்! நான் ஓடிப்போய் ஒரு தம்ளர் பால் வாங்கி வந்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். சங்கைக் கிட்டக் கொண்டுபோனேன். இன்னும் இறுக்க மூடினாள். டீச்சர்தான் அவள் மார்பைப் பார்த்தார். பால் கட்டி, துணி நனைந்து, கல்லாக இருந்தது. "அடிப்பாவி மக்கா, பிள்ளையக் கேக்குறாளே!" என்று டீச்சர் கத்தினார். குழந்தையை மாமியார் வராந்தாவில் வைத்துச் சங்கில் மாட்டுப்பால் புகட்டிக்கொண்டிருந்தாள். நான் வாங்கி வந்து ரங்கம்மா மார்பில் போட்டுப் பிடித்துக்கொண்டேன். அவன் கவ்விக்கொண்டான். ரங்கம்மா கூரையைப் பார்த்தாள், பார்த்தபடியே இருந்தாள். டாக்டர் வந்து கால்மாட்டில் நின்றார். "குடிக்கட்டும், தப்பில்லை" என்றார். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் ராஜாக்கள்.

வேலை நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் காலையில் வருவார், பார்ப்பார், போவார். நான் பகல் பூராவும் இருப்பேன். டீச்சர் சாயங்காலம் வருவார். டாக்டரும் டீச்சரும் வராந்தாவில் எதிர்ப்பட்டால் கும்பிட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். டாக்டருக்குத் தெரிந்தது டாக்டரோடு, டீச்சருக்குத் தெரிந்தது டீச்சரோடு. நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக நின்று, இந்தப் பெண்ணின் வீடு என்ன, வாசல் என்ன, அந்த வீட்டில் இவள் எப்படி நின்றாள், எப்படி நடந்தாள் என்று ஒரு நாளும் பேசவில்லை. அதெல்லாம் யாருடைய வேலை? ஒருத்தருடைய வேலையும் இல்லை.

மாமனார் நாள் தவறாமல் வருவார். வார்டுக்குள் வர மாட்டார். வாசலுக்கு வெளியே நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மாமியாரிடம் கேட்பார்: "எப்படி இருக்காளாம்?" இவள் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லுவாள். இத்தனை பெரிய திமிரா, மருமகள் செத்துப் பிழைத்துக் கிடக்கிறாள், கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டீச்சரும் அப்படித்தான் நினைத்தார்.

ரங்கம்மாவின் அண்ணன் பெருமாள் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் தறி போட்டிருந்தான். "தங்கச்சிய நான் கூட்டிட்டுப் போறேன், என் வீட்டுக்காரி பாத்துக்குவா. பிள்ளையும் தாயும் ஒண்ணாக் கெடக்கட்டும்" என்றான். மாமனார் கேட்கவில்லை. ஒரே மகன் போய்விட்டான், அவன் வித்து இது, அதை இன்னொரு வீட்டில் வளரவிடுவதா என்பது அவர் பேச்சு. அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு லேசாகிவிடும். ஆனால் மகனைப் பறிகொடுத்த மனுஷன், பேரனைக் கையில் வாங்கினால் கீழே விட மாட்டார். அவர் கோர்ட்டில் மனுப் போட்டார். தாய் புத்தி தெளிவில்லாமல் கிடக்கிறாள், பிள்ளைக்குக் காப்பாளராகத் தன்னை வைக்க வேண்டும் என்று.

இதை ரங்கம்மாவிடம் டீச்சர் சொன்னார். "பிள்ள உன்கிட்ட இருக்கணுமா தாயி?" என்று கேட்டார். கண் கூரைக்குப் போனது. "அண்ணன் வீட்டுக்குப் போறியா?" மறுபடி கூரை. ஒரு தடவை இல்லை, தினமும் கேட்டோம், தினமும் அதே பதில். எங்களுக்குக் கவலையே இல்லை. கோர்ட்டிலிருந்து ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்புவார்களாம், அவர் நேரில் வந்து இவளுக்குப் புத்தி இருக்கிறதா என்று பார்ப்பாராம். வரட்டுமே! பார்க்கட்டுமே!

வந்தார். கறுப்புக் கோட்டு, வெயிலில் வேர்த்துக் கொட்டியது, நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பெருமாளும் காலையிலேயே வந்திருக்க வேண்டியது. கரியை எரித்து ஓட்டுகிற அந்தக் காலத்துக் கரி பஸ் வழியில் நின்றுபோனால் எப்போது கிளம்பும் என்று தெய்வத்துக்குத்தான் தெரியும். அவன் வரவில்லை. கமிஷனர் காத்திருக்கவும் இல்லை. டாக்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். வியாதி என்ன, புத்தி எப்படி, கண் ஜாடை எப்படி என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பலகையோடு தயாராக இருந்தார். நான் ரங்கம்மாவைத் துடைத்து, வெள்ளைச் சேலை மாற்றி, தலையணை அண்டக்கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தேன். பெண்கள் வார்டு என்பதால் கட்டிலைச் சுற்றித் துணித் தட்டி வைத்திருக்கும்.

"மனுதாரர் உள்ளே வரணும். அவர் இல்லாம நான் விசாரிக்க முடியாது" என்றார் கமிஷனர். மாமனார் தயங்கித் தயங்கி வந்தார். "அந்தத் தட்டிய எடுங்க. எல்லாருக்கும் தெரியணும்." டாக்டர் தலையசைத்தார், வார்டு ஆள் தட்டியை மடித்தான். மாமனார் கட்டிலுக்கு நேர் எதிரே வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உன் பேரு ரங்கம்மாதானா?" என்று கமிஷனர் கேட்டார்.

ரங்கம்மா தன் மடியைப் பார்த்தாள்.

"ரங்கம்மா, மேல பாரு தாயி. ஆமான்னா மேல பாக்கணும்ல?" என்றார் டீச்சர்.

மடியைத்தான் பார்த்தாள். மூடவும் இல்லை, தூக்கவும் இல்லை. "உனக்குப் பிள்ளை இருக்கா? ஆணா, பொண்ணா?" மடி. "பிள்ளை உன்கிட்ட இருக்கணுமா?" மடி. டீச்சர் பலகையைத் தூக்கிப் பிடித்தார். விரல் வல்லினத்தில் நின்றது, மெல்லினத்தில் நின்றது, இடையினத்தில் நின்றது. திரும்ப மேலே போனது. டீச்சரின் கை வேர்த்துச் சாக்பீஸ் எழுத்து அழிந்தது. "ரங்கம்மா, என் கண்ணு, ஒரே ஒரு தடவ" என்று நான் அவள் காதில் கெஞ்சினேன். அவள் கன்னம் துடித்தது, கண்ணில் தண்ணீர் கோத்தது, இமை ஏறவில்லை. டாக்டர் விளக்கடித்து இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். விரலை எடுத்ததும் பார்வை மடிக்கே போய்விட்டது.

"நேத்து வரைக்கும் எல்லாத்துக்கும் பதில் சொன்னா சார்" என்றார் டாக்டர்.

"நேத்து நான் இல்லையே டாக்டர்" என்றார் கமிஷனர். நக்கலாகச் சொல்லவில்லை, பாவம் பார்த்துத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

பெருமாள் வந்து சேர்ந்தபோது எல்லாரும் போயிருந்தார்கள். "முடிஞ்சுபோச்சு, அவ பதில் சொல்லல" என்று நான் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தான்.

அவன் வருவதற்கு முன்னாலேயே அங்கே எங்கள் பஞ்சாயத்து நடந்திருந்தது. "இன்னொரு அட்டாக் வந்திருக்கு" என்றார் டாக்டர். "பயந்துட்டா சார், கறுப்புக் கோட்டப் பாத்துப் பயந்துட்டா" என்றார் டீச்சர். "அந்த மாமனாரப் பாத்தா வெறுப்பு, அதான்" என்றேன் நான். ஆளுக்கொரு காரணம், ஆளுக்கொரு நிச்சயம். "இப்ப பலகையக் கொண்டுபோய் அவளையே கேட்டுப் பாக்கட்டுமா சார்?" என்று நான் கேட்டேன். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டாவது அட்டாக்னு நான் சொல்றேன், நீ கேள்வி கேக்கப் போறியா? மூளைக்கு ஓய்வு வேணும். நான் சொல்ற வரைக்கும் பலகை வார்டுக்குள்ள வரக் கூடாது. அவங்கவங்க வேலையப் பாருங்க." டீச்சர் பலகையை முந்தானையால் மூடிக்கொண்டு போனார்.

பிறகு நான் அவளுக்குக் கூழ் புகட்டினேன், புரட்டினேன், பிள்ளையை மார்பில் போட்டேன். அவள் என்னையே பார்த்துக் கண்ணைத் தூக்கித் தூக்கிக் காட்டுவாள். எனக்குத் தெரிந்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன், "கண்ணத் தூக்குறா சார்" என்று. "அது வலிப்பா இருக்கும், எழுதி வை" என்றார். ஓய்வு, ஓய்வு! படுத்த இடத்தில் அசையாமல் கிடக்கிறவளுக்கு இன்னும் என்ன ஓய்வு?

உத்தரவு வந்தது. பிள்ளை தாத்தாவுக்கு. மாமியார் புது டர்க்கித் துண்டோடு வந்தாள். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தான். முடிக்கட்டும் என்று அவளும் அழுதுகொண்டே காத்திருந்தாள். முடித்ததும் நான்தான் தூக்கிக் கொடுத்தேன். ரங்கம்மாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது. திறந்த வாய் மூடவில்லை. நான் மோவாயைப் பிடித்து மூடிவிட்டேன்.

பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது வழக்கம். தாலி அறுத்தவள் தலையில் வைக்கக் கூடாது என்று அவளுக்கு விலக்கிய பூவை வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினேன். என் வயிற்றெரிச்சல் அன்றைக்குச் சாபமாகப் பலித்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி கூரையோடு எரிந்திருக்கும்.

பெருமாள் தங்கச்சியைக் கூட்டிப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்த நாளில், டாக்டர் பலகைக்கு அனுமதி கொடுத்தார். வீட்டில் அண்ணனுக்கு உபயோகப்படட்டும் என்று. டீச்சர் பலகையைக் கொண்டுவந்து பெருமாளுக்கு விளக்கினார். டாக்டர் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கட்டிலருகே ஒன்றாக நின்றது, பிள்ளையை மார்பில் போட்ட நாளையும் கமிஷனர் வந்த நாளையும் விட்டால், அன்றைக்குத்தான்.

"இந்தா பாருங்க தம்பி, இப்படி விரல வைக்கணும்" என்று டீச்சர் மேல் வரியில் வைத்தார். ரங்கம்மா தூக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனதும் தூக்கினாள். ம. மறுபடியும் ம. பிறகு ந. பிறகு ன, மறுபடியும் ன. பிறகு மேல் வரியில் க. டீச்சருக்கு உதடு அசைந்தது, கூட்டிப் பார்த்தார்.

"மாமா நின்னாக" என்றான் பெருமாள்.

ரங்கம்மா கூரையைப் பார்த்தாள்.

நாங்கள் மூன்று பேரும் அவனைப் பார்த்தோம். அவனுக்கு நாங்கள் எதற்கு முழிக்கிறோம் என்றே புரியவில்லை. "மாமனாரு நேர்ல நின்னாரா? நடுவுல தட்டி இல்லையா? அவுக நிக்கையில எப்படிங்க இவ மொகத்தத் தூக்குவா? எங்க வீட்டுப் பொம்பளைக கதவுக்குப் பின்னால நின்னுதான மாமனாருக்குப் பதில் சொல்லுவாக. அவுகளும் மருமக இருக்க எடத்துக்குள்ள வர மாட்டாக. இது கல்யாணம் ஆன அன்னைக்கே பழகுறது. நான் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்துதான் கேட்டாகன்னுல்ல நெனச்சுக்கிட்டிருக்கேன்!"

ஒரு துணித் தட்டி. மடித்துச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தது, எங்கள் கண் முன்னாலேயே இருந்தது. டாக்டர் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "கோர்ட்டுக்கு எழுதலாமா சார்?" என்று டீச்சர் கேட்டார். "உத்தரவு ஆயிடுச்சேம்மா" என்றார் டாக்டர்.

டீச்சரின் விரல் பலகையிலேயே இருந்தது. ரங்கம்மாவின் கண் அதைத் தேடிப் போனது. டீச்சர் விரலை நகர்த்தினார். க. பிறகு கடைசி வரியில் ள. அதற்கு மேல் நகர்த்த டீச்சருக்குக் கை வரவில்லை. கேளுங்க என்கிறாள். அன்றைக்குக் கேட்டதை இப்போது கேளுங்க என்கிறாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டு, பதிலை வாங்கி, எங்கே கொண்டுபோய் வைப்பது? ரங்கம்மா கொஞ்ச நேரம் எங்கள் ஒவ்வொருவர் வாயையும் பார்த்தாள். பிறகு, ஒருவரும் கேட்காமலேயே, கண்ணைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். இறக்கவில்லை. வண்டியில் ஏற்றும்போதும், வண்டி தெரு திரும்பும்போதும், மேலே வெயில் அடிக்க அடிக்க அப்படியே பார்த்துக்கொண்டு போனாள்.